கேனான் 50டியில் ரா வீடியோ பாதியில் நிற்கிறது

மதுரை நண்பர்களே, ஓர் உதவி. என்னிடம் இருப்பது 2008-இல் வந்த கேனான் 50டி. வீடியோ வசதியே இல்லாமல் வந்த கேமரா. மேஜிக் லேன்டர்ன் என்ற கூடுதல் மென்பொருளை ஏற்றி ரா வீடியோ (சென்சார் தரும் தரவைச் சுருக்காமல் அப்படியே பதிவது) எடுக்கிறேன். நேற்று மாலை வெயிலில் தெப்பக்குளத்து மைய மண்டபத்தை எடுத்தேன். கல்லின் நிறம் அப்படியே வந்திருந்தது. ஆனால் 12-ஆவது நொடியில் பதிவு நின்றுவிட்டது!

1584×892 பிக்சல், பிக்சலுக்கு 14 பிட், நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 59 மெகாபைட் எழுத வேண்டும். என் பழைய சிஎஃப் (காம்பேக்ட்ஃபிளாஷ்) மெமரி கார்டுக்கு மூச்சு வாங்குகிறது போலும். அகலத்தை 1280 ஆக்கினால் ஓடுகிறது, மனம்தான் ஒப்பவில்லை. (மைக்கும் கிடையாது, ஒலியைத் தனியாகப் பதிகிறேன்.)

வேகமான சிஎஃப் கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு மாலை மட்டும் இரவல் தருவீர்களா? மேஜிக் லேன்டர்ன் கோப்புகளை அதிலும் ஏற்ற வேண்டியிருக்கும். அவற்றை அழித்துவிட்டுத்தான் திருப்பித் தருவேன். கடைகளில் கேட்டால் இந்தக் கேமராவில் பொருந்தாத எஸ்டி கார்டை நீட்டுகிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.