மாத்திரை அட்டையை ஸ்கேனர் எடுக்கவே மாட்டேங்குது, அவசரம்

சத்துவாச்சாரி மருந்துக்கடை: வணக்கம். காலையில் புதுச் சரக்கு வந்தது. பாதி அட்டைகளுக்கு ஸ்கேனரில் பீப் சத்தமே இல்லை. கையால் அடித்துதான் பில் போடுகிறேன், கூட்டம் வாசலைத் தாண்டிவிட்டது. என்ன செய்யலாம்?

காட்பாடிக்காரன்: எந்த ஸ்கேனர்? வயரா, புளூடூத்தா? மற்ற பொருளை எடுக்கிறதா?

ஆரணி ஜவுளி: கண்ணாடியில் தூசுதான். எங்கள் கடையில் துணித்தூசு படிந்து இதேதான் ஆகும். துடைத்துப் பாருங்கள்.

குடியாத்தம் தம்பி: வெயில் நேராக விழுகிறதா அண்ணா? நம்ம ஊர் வெயிலில் லேசர் திணறும்.

பழைய பில்லிங்: மாடலும் சொல்லவில்லை, படமும் போடவில்லை. நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது தம்பி.

சத்துவாச்சாரி மருந்துக்கடை: மன்னிக்கணும் சார். வயர் உள்ளது, சிவப்புக் கோடு விழும். சோப்பு, பிஸ்கட் எல்லாம் உடனே எடுக்கிறது. இந்த அட்டையில் இருப்பது சின்னச் சதுரம், உள்ளே புள்ளி புள்ளியாக. கோடு அதன்மேல் நடுங்கிக்கொண்டே நிற்கிறது.

காட்பாடிக்காரன்: சதுரமா! அது க்யூஆர் மாதிரி டூ-டி குறியீடு. லேசர் ஒரே கோடாகக் குறுக்கே ஓடிப் படிப்பது, சதுரத்தை அதனால் எடுக்கவே முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு பார்கோடு அல்லது க்யூஆர் கட்டாயம், அதனால் இனி இது அடிக்கடி வரும். டூ-டி இமேஜர் வாங்குங்கள். கேமரா மாதிரி முழுப் படமாக எடுத்துப் படிக்கும், போன் திரையில் காட்டினாலும் எடுக்கும். கடைக்குப் போகும்போது அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

ஆரணி ஜவுளி: அப்படியே பார்கோடு எண் 890 என்று தொடங்குகிறதா பாருங்கள். அதுதான் இந்தியாவில் செய்தது.

பழைய பில்லிங்: தவறு. 890 என்றால் அந்த எண்ணை பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா கொடுத்தது, அவ்வளவுதான். பொருளை எங்கே செய்தார்கள் என்று அது சொல்லாது.

ஆரணி ஜவுளி: இருபது வருடமாகக் கடையில் இருக்கிறேன் சார், எனக்குத் தெரியாதா?

பழைய பில்லிங்: எத்தனை வருடமானாலும் தவறு தவறுதான்.

குடியாத்தம் தம்பி: அண்ணா, அதைத் தனி இழையில் பேசலாமே. அவர் கடையில் ஆள் நிற்கிறது.

பழைய பில்லிங்: சரி. மருந்துக்கடைத் தம்பி, ஒன்று கவனியுங்கள். அந்தச் சதுரத்துக்குள் மருந்தின் பெயர், பேட்ச், காலாவதி தேதி எல்லாம் இருக்கும். ஸ்கேனர் கீபோர்டு மாதிரிதான், அத்தனையையும் பில் திரையில் ஒரே கட்டத்துக்குள் தட்டிவிடும். உங்கள் மென்பொருள் பிரித்து எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சத்துவாச்சாரி மருந்துக்கடை: லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் டூ-டி வைத்துப் பார்த்தேன், தொட்டதும் பீப். சார் சொன்ன மாதிரியே எல்லாம் ஒரே கட்டத்தில் விழுந்தது. மென்பொருள்காரர் நாளை வருகிறார். நன்றி அண்ணா.