கயோட்டி டைமுக்கு என்ன சொல்? (அட்டவணை வரிசை 43)

அனுப்பியது: அம்பாசமுத்திரத்தான்
பொருள்: வரிசை 43, கயோட்டி டைம்

எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயித்துக்கிழமை பேச்சு பிரின்ஸ் ஆஃப் பெர்சியா லாஸ்ட் கிரவுன்ங்க வீடியோ கேம்ல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிட்டு. கண்ட்ரோல் வெண்ணெ மாதிரி இருக்குன்னு ரெண்டு பேர், கதை சப்புன்னு இருக்குன்னு ரெண்டு பேர், கஷ்டம் தாங்கலன்னு வள்ளியூர்த் தம்பி ஒத்த ஆளா. கதையப் பத்தி என் கட்சி அதேதான். இளவரசன் கஸ்ஸானைத் தூக்கிட்டுப் போயிடுதாங்க, நாம ஆடுத வீரன் சர்கோன் காஃப் மலைக்குத் தேடிப் போறான், அங்க காலம் ஆளுக்கு ஒரு மாதிரி ஓடுது. அதுவரைக்கும் அருமை. அதுக்கு மேல சொன்னா இன்னும் முடிக்காதவங்க அடிக்க வருவாங்க.

எனக்கு வயித்தெரிச்சல் வேற எடத்துல. அந்தக் கேம் வரிசையிலயே மொத தடவையா பாரசீக மொழியில குரல் குடுத்திருக்காங்க. நமக்கு மெனுவுல கூடத் தமிழ் கெடையாது. ஊமைத்துரை 1801 பிப்ரவரியில பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிச்சுப் போயி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையத் திரும்பக் கட்டுன கதைய விடவா ஆக்‌ஷன் அட்வெஞ்சருக்கு ஒரு கதை வேணும்? சரி, அத விடுங்க. அப்படி ஒன்னு என்னைக்காவது வந்தா மெனுவுல போடத் தமிழ்ச் சொல்லு வேணுமேன்னுதான் கேம் வார்த்தைகளுக்கு இந்த அட்டவணையே.

செக்பாயிண்ட், ஹெல்த் பார் எல்லாம் முடிஞ்சுட்டு. எதிரி அடிய நேரம் பாத்துத் தட்டி விடுத பாரிக்கு ‘தட்டு’ன்னு போன மாசமே ஒத்துக்கிட்டோம். வரிசை 43 மட்டும் உறுத்துது. கயோட்டி டைமுக்கு எதிர்ல யாரோ ‘நரி நேரம்’னு போட்டுருக்காங்க. எனக்கு இதுல மனசு ஒப்பல. கருத்து சொல்லுங்க.

—

அனுப்பியது: வள்ளியூரான்
பொருள்: மறு: வரிசை 43, கயோட்டி டைம்

அண்ணாச்சி, யாரோ இல்ல, நாந்தான் போட்டேன். அதுல என்ன கொறையக் கண்டிய?

பழைய கார்ட்டூன்ல அந்தக் கயோட்டிப் பய ரோட் ரன்னர்ங்க பறவைய வெரட்டிக்கிட்டு மலை ஓரத்தத் தாண்டி ஓடுவான். கீழ குனிஞ்சு பாக்குத வரைக்கும் அந்தரத்துலயே நிப்பான். பாத்தான்னா டமார். கேம்லயும் அதேதான். ஓரத்த விட்டு காலு போன பெறவும் ஒரு இம்மி நேரம் ஜம்ப் பட்டன் வேல செய்யும். பயலுவகிட்ட நரி நேரம்னு சொன்னா ஒடனே பிடிச்சிக்கிடுதானுவ.

லாஸ்ட் கிரவுன்ல செர்க்சீஸ் காசு எடுத்துப் பாத்திருக்கியளா? முள்ளுக்கு நடுவுல தொங்கும். எடுத்தா மட்டும் போதாது, பத்திரமான தரையில வந்து நின்னாத்தான் கணக்குல சேரும். ஒரே ஒரு காசுக்கு 31 தடவ செத்தேன். நம்ம கேம்ல நரி நேரத்தத் தாராளமா வச்சிக்கிடுவோம், சொல்லிட்டேன்.

—

அனுப்பியது: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்
பொருள்: மறு: வரிசை 43, கயோட்டி டைம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நான் விளையாடுபவன் அல்லன். பேரன் விளையாடும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் விழும்போதெல்லாம் ‘ஐயோ’ என்பவன். ஆகையால் சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கயோட்டி என்பது வட அமெரிக்காவில் திரியும் விலங்கு. நம் நரியும் அன்று, ஓநாயும் அன்று. அந்தக் கார்ட்டூன் 1949-இல் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் அந்தப் பெயரில் பொருள் இருக்கிறது. பார்க்காத பிள்ளைக்கு ‘நரி நேரம்’ என்றால் ஏதோ வேட்டைக்குப் போகும் நேரம் என்றுதான் தோன்றும். தமிழில் நரிக்குத் தந்திரம் உண்டு, ஊளை உண்டு. அந்தரத்தில் நிற்கும் வழக்கம் கிடையாது. ‘நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி’ என்பார்கள். இந்த நரி நம் மேலே விழுந்து பிடுங்குகிறது.

மவுசை ‘எலி’ என்று சிலர் எழுதிப் பார்த்தார்கள், நிலைத்தது ‘சுட்டி’. உருவத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்தது அந்தச் சொல். பக் என்பதைப் ‘பூச்சி’ ஆக்காமல், இலக்கணத்தில் ஏற்கெனவே இருந்த ‘வழு’வை எடுத்துக்கொண்டோம். அந்த வழியில் ‘விளிம்புக் கணம்’ என்பது என் பரிந்துரை.

ஒரு கிளைக்கதை. சிறுவயதில் எங்கள் ஊர்க் கிணற்றில் மேட்டிலிருந்து ஓடிவந்து குதிப்போம். விளிம்புக் கல்லில் பாசி. உந்துவதற்கு அரை நொடி முன்னால் கால் வழுக்கினால் குதிப்பு இல்லை, விழுப்புதான். இடுப்பில் பட்ட அடி ஒரு வாரம் இருந்தது. கல்லை விட்ட கால் விட்டதுதான். இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

—

அனுப்பியது: கல்லிடைக்குறிச்சி
பொருள்: மறு: மறு: வரிசை 43, கயோட்டி டைம்

> ‘விளிம்புக் கணம்’ என்பது என் பரிந்துரை

ஐயா, காதுக்கு நல்லா இருக்கு. ஆனா நிரல் எழுதுறவ இடத்துலேருந்து ரெண்டு மறுப்பு இருக்கு.

முதல்ல இது எதுக்கு வந்துச்சுன்னு சொல்லிடறேன். கேம் நொடிக்கு 60 படம் காட்டுதுன்னா ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்டு. திரையில நாம பாக்கறது ஏற்கெனவே பழசு. டிவி வேற தன் பங்குக்குத் தாமதம் பண்ணும். கேம் மோடுல போடாத டிவின்னா கேக்கவே வேண்டாம். கண்ணுல பட்டு விரல் அசையறதுக்கு மனுஷனுக்கு 200 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். அதனால ஆடறவங்க பாத்து அமுக்கறதில்ல, கணிச்சுத்தான் அமுக்கறாங்க. ‘ஓரத்துலதானே அமுக்கினேன்’னு அவங்க சத்தியம் பண்ணுவாங்க. நிரலோட கணக்குல அப்போ கால் தரையை விட்டு ரெண்டு படம் ஆகியிருக்கும். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். அந்த வழக்கைத் தீர்க்கத்தான் இந்த அவகாசம்.

செலஸ்ட்ங்கற 2018 கேம்ல பாத்திரத்தை ஆட்டுவிக்கிற நிரலை அவங்களே பொதுவுல போட்டிருக்காங்க. அதுல இந்த அவகாசம் 0.1 நொடி. ஓட்ட வேகம் நொடிக்கு 90 பிக்சல். பெருக்கினா 9 பிக்சல். அந்தக் கேம்ல தரையோட ஒரு கட்டம் 8 பிக்சல். அதாவது ஒரு முழுக் கட்டம் தாண்டி வெறும் காத்துல நின்னாலும் குதிக்கலாம். கேம் கஷ்டமானதுன்னு பேர் வாங்கினதுதான், இருந்தும் யாரும் அதை ஏமாத்து வேலைன்னு சொல்லல. இன்னொரு வேடிக்கை, அந்த நிரல்ல கயோட்டியே கிடையாது. ‘ஜம்ப் கிரேஸ் டைம்’னுதான் எழுதியிருக்காங்க.

இப்ப மறுப்பு. ஒன்னு, ‘கணம்’னா ஏதோ ஒரு நேரம், அந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு சொல்லல. ரெண்டாவதுதான் முக்கியம். இதுக்கு ஒரு இரட்டைப் பிள்ளை இருக்கு. கீழ விழுந்துகிட்டிருக்கும்போது, தரையைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஜம்பை அமுக்கிட்டா, கேம் அதை ஞாபகம் வெச்சுகிட்டு தொட்ட உடனே குதிக்க வைக்கும். ஜம்ப் பஃபர்ம்பாங்க, நம்ம வரிசை 44. அங்க விளிம்பே இல்ல. ஒன்னு பிந்தினவனை விடறது, இன்னொன்னு முந்தினவனை விடறது. இங்கிலீஷ்ல ஒன்னுக்கு நரிப் பேர், இன்னொன்னுக்கு கம்ப்யூட்டர்ப் பேர். ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைன்னு பேரை வெச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது. நாமளும் அந்தக் குழப்பத்தைக் கடன் வாங்கணுமா?

அதனால இடத்தையும் விட்டுடுவோம், மிருகத்தையும் விட்டுடுவோம். விரல் முந்திச்சா, பிந்திச்சா, அதுலேருந்து பேர் வைப்போம். ‘முந்தல் சலுகை’, ‘பிந்தல் சலுகை’. நாளைக்கு ‘தட்டு’க்கும் இது பொருந்தும். எதிரி வாள் பட்ட அப்புறம் அமுக்கின தட்டையும் சில கேம் ஏத்துக்கும். அது தட்டுல பிந்தல்.

—

அனுப்பியது: பேட்டை லேத்காரன்
பொருள்: மறு: மறு: வரிசை 43, கயோட்டி டைம்

கல்லிடைத் தங்கச்சி சொன்னது பூராவும் சரி. முந்தல், பிந்தல் ரெண்டும் கல்லுல வெட்டுன மாதிரி இருக்கு. ‘சலுகை’ மட்டும் வேண்டாம்.

சலுகைன்னா எளச்சவனுக்குக் குடுக்குதது. பஸ் பாஸ் மாதிரி. என் மவன்ட்ட ‘ஒனக்கு கேம்ல சலுகை இருக்குலே’ன்னு சொன்னா அன்னைக்கே ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவான். இது எல்லாருக்கும் உள்ளதுல்லா? எம்புட்டுப் பெரிய ஆட்டக்காரனும் இது இல்லாம ஆட முடியாது.

என் பட்டறையில இதுக்குப் பேரு டாலரன்ஸ். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்னு டிராயிங்ல இருக்கும், பக்கத்துலயே கூடக் கொறைய இம்புட்டு மைக்ரான் போகலாம்னும் இருக்கும். துல்லியமா 25-ன்னு ஒலகத்துல ஒருத்தனும் கடைய முடியாது. டாலரன்ஸ் குடுத்ததுனால அது லேசான வேலைன்னு ஆயிராது. 10 மைக்ரான் குடுத்தா கஷ்டம், 100 மைக்ரான் குடுத்தா லேசு, டாலரன்ஸே குடுக்கலன்னா அந்த டிராயிங் போட்டவனுக்கு வேல தெரியலன்னு அர்த்தம். வள்ளியூர்த் தம்பி கஷ்டம் கஷ்டம்னு பொலம்புதது காசு தொங்குத எடத்தப் பத்தி. அது டிராயிங். இது டாலரன்ஸ். ரெண்டையும் போட்டு ஒழப்பக்கூடாது. லாஸ்ட் கிரவுன் செட்டிங்ஸ்ல பாருங்க, எதிரி அடிக்குத அடிக்குத் தனி அளவு, தட்டுக்குத் தனி அளவு. செஞ்சவனுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு.

எங்க அம்மா வாயில ஒரு சொல்லு கெடந்துது. ‘பொறுதியா இருலே’ம்பா. அந்தப் பொறுதியவே வச்சா என்ன? முந்தல் பொறுதி, பிந்தல் பொறுதி.

—

அனுப்பியது: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்
பொருள்: பொறுதி

பேட்டை அண்ணாச்சிக்கு,

நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்ததை உங்கள் தாயார் வாயிலிருந்து எடுத்துத் தந்துவிட்டீர்கள். என் விளிம்புக் கணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மற என்பதிலிருந்து மறதி, உறு என்பதிலிருந்து உறுதி, இறு என்பதிலிருந்து இறுதி. அந்த வரிசையில் பொறு, பொறுதி. சொல்லாக்கத்தில் ஒரு குறையும் இல்லை. எடையைப் பொறுப்பதும் பிழையைப் பொறுப்பதும் தமிழில் ஒரே வினை. கால் இல்லாத இடத்தில் ஆளைத் தாங்குவதும், பிந்திய விரலை மன்னிப்பதும் அந்த ஒரே வினைக்குள் அடங்குகின்றன. ஆங்கிலச் சொல்லில் இது இல்லை.

ஆனால் ஒரு கல் இருக்கிறது. பொருதல் என்றால் போரிடுதல். ‘பொருதி’ என்றால் போரிட்டு. இடையின ரகரமும் வல்லின றகரமும் நம்மவர் வாயில் ஒன்றாகிப் பல காலம் ஆயிற்று. வகுப்பில் முப்பது வருடம் கத்தியும் என்னால் பிரித்துத் தர முடியவில்லை. சண்டை விளையாட்டு ஒன்றில் ‘தட்டில் பிந்தல் பொறுதி’ என்று காதில் விழுந்தால், பிந்திப் போரிடுவதா, பிந்தியதைப் பொறுப்பதா? எழுத்தில் குழப்பம் இல்லை. வாயில் உண்டு. ‘பொறை’ என்று மாற்றலாம், ஆனால் அது சுமையையும் குறிக்கும். தவிர, பதினைந்து வயதுப் பிள்ளை அதைச் சொல்ல மாட்டான்.

—

அனுப்பியது: கல்லிடைக்குறிச்சி
பொருள்: மறு: பொறுதி

ஐயா, வாய்க்குழப்பம் நிஜம்தான். ஆனா பொருதிங்கறதை இன்னைக்கு யார் பேச்சுல சொல்றா? போட்டிக்கு ஆளே இல்லாத இடத்துல மோதல் வராது. நாளைக்கு யாராவது காம்பாட்டுக்குப் ‘பொருதல்’னு வெச்சாத்தான் தொல்லை. அட்டவணையில ‘சண்டை’ன்னு இருக்கு. அதைத் தொடாம விட்டுடுவோம்.

இடத்தையும் பாத்துட்டேன். பொறுதி மூணு எழுத்து. செட்டிங்ஸ் பக்கத்துல பட்டன் அகலத்துக்குள்ள அடங்குது. தமிழ்ல மெனு போட்டுப் பாத்தவங்களுக்கு இந்த நிம்மதி தெரியும்.

—

அனுப்பியது: வள்ளியூரான்
பொருள்: மறு: மறு: பொறுதி

எல்லாரும் சேந்து என் நரியக் கொன்னுட்டிய. சரி.

நேத்து வீட்டுல சோதிச்சுப் பாத்தேன். தம்பிக்கும் அவன் கூட்டாளிக்கும் ரெண்டு சொல்லையும் வெளக்கிச் சொல்லிட்டு கண்ட்ரோலரக் குடுத்தேன். மொத அரை மணி நேரம் ஒருத்தனும் வாயத் தொறக்கல. பெறவு கூட்டாளிப் பய ஒரு ஓரத்துல தொப்புன்னு விழுந்தான். விழுந்ததும் என் தம்பி சொல்லுதான்: ‘பிந்தல் பத்தலலே, இன்னும் முன்னால அமுக்கு.’

பொறுதிய ரெண்டு பயலும் ஒரு வாட்டி கூடச் சொல்லல. பிந்தல், முந்தல் மட்டுந்தான். வெரசா வெளையாடும்போது நாலு சொல்லுக்கு நேரம் ஏது? ஐயாவோட ரகரச் சங்கடமும் அதோட ஒழிஞ்சுதுல்லா.

அப்புறம், அந்தச் செர்க்சீஸ் காசு கெடச்சிட்டு. 38-வது தடவ.

—

அனுப்பியது: அம்பாசமுத்திரத்தான்
பொருள்: மறு: மறு: பொறுதி

அட்டவணைய மாத்திட்டேன். வரிசை 43 கயோட்டி டைம்: பிந்தல் பொறுதி, பேச்சில் பிந்தல். வரிசை 44 ஜம்ப் பஃபர்: முந்தல் பொறுதி, பேச்சில் முந்தல். பொறுதிக்குத் தனியா 44அ போட்டு, பட்டறை டாலரன்ஸுக்கும் இதே சொல்னு குறிச்சிருக்கேன். நரி நேரத்த அழிக்கல, ‘முன்பு வழங்கியது’ன்னு ஓரத்துல வச்சிருக்கேன், தம்பி மனசு நோகக்கூடாதுல்லா.

வரிசை 45 ஹிட்பாக்ஸ், அதாவது அடி பட்டுச்சா இல்லையான்னு கேம் கணக்குப் பாக்குத கண்ணுக்குத் தெரியாத கட்டம். ‘அடிப்பெட்டி’ன்னு ஏற்கெனவே ஒருத்தர் எழுதிட்டாரு. ஐயா, அடின்னா கால் அடியா, கம்படியா, கீழடியான்னு நீங்க கேக்கதுக்கு முந்தியே நான் கேட்டு வைக்கேன்.