150 மி.மீ. ஃபிளேஞ்ச் 3810 ஆக வருகிறது: டிடபிள்யூஜி ஃபைலைத் திறக்க, மாற்ற எந்த இலவச மென்பொருள்?

தகடுவெட்டி (கேள்வி):

வணக்கம். லேசரில் தகடு வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கணினியில் லினக்ஸ். வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டை வாங்கும் அளவுக்கு எனக்கு வரைகிற வேலை கிடையாது. வருகிற டிராயிங்கைத் திறந்து பார்த்து, டிஎக்ஸ்எஃப் (வெவ்வேறு மென்பொருள்கள் வரைபடத்தைப் பரிமாறிக்கொள்ளும் ஃபைல் வகை) ஆக்கி மெஷினுக்குக் கொடுத்தால் போதும்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் ஆட்டோகேட்டின் சொந்த ஃபைல் வகையான டிடபிள்யூஜி மட்டும் அனுப்பினார். நான் வைத்திருக்கும் இலவச வரைபட மென்பொருளான லிப்ரேகேட் அதைத் திறக்கவில்லை. அவசரத்தில், ஃபைல் மாற்றித்தரும் ஒரு இணையதளத்தில் ஏற்றி டிஎக்ஸ்எஃப் எடுத்தேன். அதில் இரண்டு சிக்கல். அதில் இருந்த ஃபிளேஞ்சின் (குழாய்களை இணைக்கும் வட்டத் தகடு) வெளிவிட்டம் லிப்ரேகேட்டில் அளந்தால் சரியாக 150 மி.மீ. அதையே வெட்டும் மென்பொருளில் ஏற்றினால் 3810! தகட்டை மேடையில் போடும் முன்பே கண்ணில் பட்டதால் தப்பித்தேன். இன்னொன்று, கூட இருந்த கேம் தட்டின் (சுழலும்போது இன்னொரு பாகத்தைத் தள்ளும் வளைந்த தட்டு) வளைந்த விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைந்திருக்கிறது. அப்படியே வெட்டினால் விரலால் தடவும்போதே பல் பல்லாகத் தெரியும்.

நம்பிப் பயன்படுத்த எது இருக்கிறது?

கோடும்கோணமும்:

பார்ப்பதற்கு மட்டும் என்றால் டிடபிள்யூஜி ட்ரூவியூ. ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கே இலவசமாகத் தருவது. அளக்கலாம், பிரின்ட் எடுக்கலாம், டிடபிள்யூஜியைப் பழைய பதிப்புக்கு மாற்றலாம். ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:

3810-ஐ 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள், 150 வரும். வரைந்தவர் மில்லிமீட்டரில்தான் வரைந்திருக்கிறார். ஃபைலின் தலைப்பகுதியில் மட்டும் 'அலகு அங்குலம்' என்று பதிந்திருக்கிறது. உங்கள் வெட்டும் மென்பொருள் அதை நம்பி எல்லாவற்றையும் பெருக்கிவிட்டது.

நேரிலேயே பார்க்கலாம். டிஎக்ஸ்எஃப் பெரும்பாலும் வெறும் எழுத்து ஃபைல்தான். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, டாலர் குறியோடு 'இன்ஸ்யூனிட்ஸ்' என்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அடுத்த வரியில் 70, அதற்கும் அடுத்த வரியில் அலகின் எண். 1 என்றால் அங்குலம், 4 மில்லிமீட்டர், 6 மீட்டர். உங்களுடையதில் 1 இருக்கும். லிப்ரேகேட்டில் அந்த டிராயிங்குக்கான அமைப்புகளில் அலகை மில்லிமீட்டர் ஆக்கிச் சேமித்தால் போதும். உருவத்தின் அளவு மாறாது, பதிவு மட்டும் மாறும்.

விளிம்பு உடைந்ததற்குக் காரணம், அந்தத் தளம் ஆட்டோகேட்டின் பழைய ஆர்12 பதிப்பில் மாற்றியிருப்பதாகத்தான் இருக்கும். ஆர்12 வந்தது 1992-இல். அந்தப் பதிப்பில் ஸ்ப்ளைனும் (உடையாமல் வளைந்து போகும் ஒரே கோடு) கிடையாது, எலிப்ஸும் (நீள்வட்டம்) கிடையாது. அதனால் வளைவைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் எழுத முடியும். வட்டம் அதிலும் உண்டு, அதனால்தான் ஃபிளேஞ்ச் தப்பித்தது.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். நான் தினமும் வைத்து வேலை செய்வது ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர். லினக்ஸிலும் ஓடும். இலவசம், ஆனால் திறமூலம் அல்ல. ஒரு ஃபோல்டரில் டிடபிள்யூஜிகளைப் போட்டு, வெளியே வரவேண்டிய ஃபோல்டரையும் பதிப்பையும் காட்டினால் மொத்தமாக மாற்றித் தரும். 2007 டிஎக்ஸ்எஃப் என்று தேர்ந்தெடுங்கள். ஆடிட் என்ற பெட்டியையும் டிக் செய்யுங்கள், ஃபைலில் பழுது இருந்தால் முடிந்தவரை சரிசெய்யும். முழுக்கத் திறமூலம்தான் வேண்டும் என்றால் குனுவின் லிப்ரேடிடபிள்யூஜி இருக்கிறது, கட்டளை வரியில் இயக்க வேண்டும். எளிய டிராயிங்குகளுக்குப் போதும்.

லிப்ரேகேட்டைக் குறை சொல்லாதீர்கள். டிஎக்ஸ்எஃப் எப்படி எழுதப்படுகிறது என்பதை ஆட்டோடெஸ்க் வெளியிட்டிருக்கிறது, டிடபிள்யூஜிக்கு வெளியிடவில்லை. மற்றவர்கள் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அந்த டிடபிள்யூஜியையும் எடிட்டரில் திறந்து பாருங்கள். குப்பையாகத் தெரியும், ஆனால் முதல் ஆறு எழுத்து படிக்கக் கிடைக்கும்: ஏ, சி, பிறகு நான்கு இலக்கம். 1015 என்றால் 2000-ஆம் பதிப்பு, 1021 என்றால் 2007, 1027 என்றால் 2013, 1032 என்றால் 2018. புதிய பதிப்புகளில் லிப்ரேகேட் தடுமாறும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். வாடிக்கையாளரின் டிராயிங்கை முகம் தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள். அது அவருடைய சொத்து, நம்மிடம் நம்பிக் கொடுத்தது. உங்கள் கணினியிலேயே மாற்ற வழி இருக்கும்போது அது வெளியே போகவே கூடாது.

தகடுவெட்டி:

மிக்க நன்றி ஐயா. அலகின் எண் 1 என்றுதான் இருந்தது. டிடபிள்யூஜியில் 1032. ஓடிஏவில் 2007-க்கு மாற்றினேன். கேம் தட்டின் விளிம்பு இப்போது ஒரே ஸ்ப்ளைனாக வருகிறது, பெரிதாக்கிப் பார்த்தாலும் முறிவு இல்லை. அலகையும் மாற்றிவிட்டேன், வெட்டும் மென்பொருளிலும் 150 காட்டுகிறது. இனி எதையும் தளத்தில் ஏற்றமாட்டேன், அந்த வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். அதே வாடிக்கையாளர் அனுப்பிய இன்னொரு டிராயிங்கில் சட்டமும் தலைப்புக் கட்டமும் மட்டும் வருகின்றன, நடுவில் ஒன்றுமே இல்லை. மாற்றும்போது தொலைந்துவிட்டதா?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:

தொலைந்திருக்காது. உள்ளே இருக்க வேண்டியது வேறொரு ஃபைலில் இருக்கும், இது அதை எக்ஸ்ரெஃப்பாக இழுத்துக் காட்டுகிறது. அந்த ஃபைல் உங்களுக்கு வரவில்லை. முதலில் எல்லா லேயர்களையும் (டிராயிங்கின் அடுக்குகள்) ஆன் செய்து பாருங்கள். அப்படியும் காலி என்றால், எக்ஸ்ரெஃப்களை பைண்ட் செய்தோ (அதே ஃபைலுக்குள் சேர்த்தோ), தொடர்புள்ள ஃபைல்களை ஒன்றாகக் கட்டித்தரும், ஆட்டோகேட்டிலேயே இருக்கும் இ-டிரான்ஸ்மிட் மூலமோ அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது வழி என்றால் ஆட்டோகேட்டுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அவை இல்லாவிட்டால் குறிப்புகளில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரலாம்.