வீட்டு ஓவனில் சீஸ் பீட்சா: நடுப்பகுதி மட்டும் ஈரமாகவே இருப்பது ஏன்?

வெள்ளவத்தை அம்மா:
அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதால், ஒரு மாதமாகச் சனிக்கிழமைதோறும் இத்தாலிய முறையில் சீஸ் பீட்சா செய்து வருகிறேன். 500 கிராம் கோதுமை மாவுக்கு ஏழு கிராம் ஈஸ்ட் பொதி ஒன்றை முழுவதுமாகச் சேர்த்துக் காலையில் குழைத்து, மாலை வரை சமையலறை மேசையில் மூடி வைக்கிறேன். மாலையில் மா தளர்ந்து, கையில் ஒட்டி, புளித்த மணம் வீசுகிறது. நீரில் மிதக்கும் உருண்டை மொசரெல்லாவைத் துண்டுகளாக்கிப் பரப்பி, 220 பாகையில் 20 நிமிடம் சுடுகிறேன். ஓரம் பிஸ்கட் போல் காய்ந்துவிடுகிறது. நடுவிலோ நீர் தேங்கி நிற்கிறது. மேலும், என் மாமியார் முழுச் சைவம். அவரும் மனக்குறையின்றி உண்ணக்கூடிய சீஸ் எது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தெஹிவளைத் தம்பி:
அக்கா, இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் விறகுப் போறணையின் வெப்பம் ஏறத்தாழ 485 பாகை. பீட்சா 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிடும். பாதிக்கும் மேல் நீரைக் கொண்ட புதிய மொசரெல்லா அங்கே பொருந்துவதற்கு அந்த வேகமே காரணம். நம் வீட்டு ஓவனில் அதே சீஸ் 20 நிமிடம் கிடந்தால், உருகி, தன் நீரையெல்லாம் விட்டு, கடைசியில் றப்பர் போலாகிவிடுகிறது. ஆகவே, கட்டியாக விற்கப்படும் நீர் குறைந்த மொசரெல்லாவை வாங்கி வீட்டிலேயே துருவிக்கொள்ளுங்கள். துருவி விற்கப்படுவதில் ஒட்டாதிருப்பதற்காக மாப்பொருள் தூவியிருப்பார்கள். அது சீராக உருகாது. உருண்டை மொசரெல்லாதான் வேண்டுமென்றால், துண்டுகளை வடிதட்டில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து மணி நேரம் நீர் வடிய விடுங்கள். 30 சென்ரிமீற்றர் பீட்சாவுக்கு 100 கிராம் சீஸ் போதும். ஆசையில் கூட்டிப் போட்டால் மறுபடியும் குளம்தான்.

ஓவனை அதன் உச்ச வெப்பத்துக்கு, பெரும்பாலும் 250 பாகைக்கு, ஏற்றுங்கள். கனமான இரும்புத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து உள்ளே வைத்து, முக்கால் மணி நேரம் காய்ந்த பின்னரே பீட்சாவை அதன்மேல் இடுங்கள். முதல் நான்கு நிமிடம் தக்காளி மட்டும் இருக்கட்டும். சீஸை அதன் பிறகு தூவுங்கள். எங்கள் வீட்டில் கைப்பிடியில்லாத வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை எரிவாயு அடுப்பில் நன்றாகக் காயவைத்து, அடிப்பாகத்தை அதில் சிவக்கவிட்டு, பின்னர் கல்லோடு ஓவனின் மேற்சூட்டுக்குக் கீழே வைக்கிறோம். எங்களுக்கு இதுவே சிறந்த பலனைத் தந்தது. இறக்கியதும், பார்மசான் எனும் கெட்டியான இத்தாலியச் சீஸைச் சிறிது துருவித் தூவுங்கள்.

கொட்டாஞ்சேனை பேக்கரி வீட்டுக்காரர்:
தம்பி சீஸைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மா பிழைத்தால் எந்தச் சீஸும் காப்பாற்றாது. நேபிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் பாரம்பரிய உணவுக்கான தகுதியை அளித்தது. அதற்கென வகுத்த செய்முறையில், ஒரு லீற்றர் நீர், ஏறத்தாழ 1.8 கிலோ மா ஆகியவற்றுக்கு மூன்றே கிராம் ஈரமான ஈஸ்ட்தான் சேர்கிறது. உலர் ஈஸ்டின் வலிமை ஈர ஈஸ்டைப் போல் மூன்று மடங்கு என்பதால், நீங்கள் சேர்ப்பது அதனினும் இருபது மடங்குக்கு மேல். அத்துடன், அங்கே மா பொங்கும் அறையின் வெப்பமாக 25 பாகையைக் கணக்கில் கொள்கிறார்கள். கொழும்புச் சமையலறையில் பகலில் 30 பாகைக்குக் குறைவது அரிது. அப்பத்துக்கு மா புளிக்க வைத்துப் பழகிய நமக்கு, பொங்கியதே போதும் என்று தோன்றும். அப்பத்துக்கு அந்தப் புளிப்பு வேண்டும். பீட்சா மாவில் அதே புளிப்பு, மாவை இழுபடச் செய்யும் பசையத்தை (குளூட்டன்) அறுத்துவிடும்.

500 கிராம் மா, 320 கிராம் குளிர்ந்த நீர், 10 கிராம் உப்பு, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட். மாவின் பொதியில் 100 கிராமுக்கு 11 அல்லது 12 கிராம் புரதம் என்று இருக்க வேண்டும். குழைத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்து, மூன்று உருண்டைகளாக்கி, மூடிய பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் விடுங்கள். சுடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் வெளியே எடுங்கள். பூரிக்கட்டையைத் தொடவே வேண்டாம். ஓரத்தில் நிற்கும் காற்றை அது நசுக்கிவிடும், விரல் நுனிகளே போதும்.

பம்பலப்பிட்டிச் சைவம்:
உங்கள் மாமியாரைப் பற்றிய கேள்வி முக்கியமானது. அசல் பார்மசானில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது இத்தாலிய விதி. எனவே தம்பி சொன்ன பார்மசானை அவருடைய பங்கில் சேர்க்காதீர்கள். மொசரெல்லாவில் பல நிறுவனங்கள் நுண்ணுயிரிலிருந்து பெறும் நொதியைப் பயன்படுத்துகின்றன. பொதியில் அது குறிப்பிடப்பட்டிருந்தாலோ, சைவக் குறியீடு இருந்தாலோ வாங்கலாம். வெறுமனே ரென்னட் என்று மட்டும் இருந்தால் தவிர்ப்பதே நேர்மை. வீட்டிலேயே மொசரெல்லா செய்ய எண்ணினால், பெட்டியில் வரும் நீண்டநாள் பாலை எடுக்காதீர்கள்; மிகை வெப்பம் ஏற்றிய அந்தப் பாலின் தயிர்க்கட்டி உதிருமே தவிர இழுபடாது.

வெள்ளவத்தை அம்மா:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வியாழக்கிழமை இரவு குழைத்த மா வெள்ளி இரவு புளிப்பின்றிப் பஞ்சு போலிருந்தது. கவிழ்த்த தட்டின்மேல், சைவக் குறியீடு உள்ள மொசரெல்லாவோடு, ஒன்பது நிமிடத்தில் சுட்டெடுத்தேன். அடிப்பாகம் சிவந்து, துண்டைத் தூக்கினாலும் தொய்யாமல் நின்றது. இரண்டாவது பீட்சாவுக்குத் தட்டு மறுபடியும் காயும்வரை காத்திருக்காததால் அதன் நடுப்பகுதி சற்றே வெளிறியது. அடுத்த முறை தோசைக்கல்லில் செய்து பார்த்து எழுதுகிறேன். மாமியார் இரண்டு துண்டுகள் உண்டார்.