வண்டிச் சங்கமும் சுமைதூக்குவோர் சங்கமும் சட்டத்தின் முன் ஒன்றா?

நீடாமங்கலம் உழவன்:
சம்பா அறுவடையில் மணிக்கு இவ்வளவுதான் வாடகை என்று நெல் அறுவடை வண்டி உரிமையாளர் சங்கம் தீர்மானம் போடுகிறது. வெளியூர் வண்டியை வயலில் இறங்க விடுவதில்லை. கொள்முதல் நிலையத்தில் சுமைதூக்குவோர் சங்கமும் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறது. வியாபாரிகள் கூடி விலை வைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் இரண்டுக்கும்தானே பொருந்த வேண்டும்?

கும்பகோணம் வக்கீல்:
இரண்டும் ஒன்றில்லைங்க. பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) வைத்து வாடகைக்கு விடுபவர் தொழில் நடத்துகிறார். அப்படிப்பட்டவர்கள் கூடி விலை வைத்தாலோ, வெளியாளைத் தடுத்தாலோ, 2002 போட்டிச் சட்டத்தின் 3(3) பிரிவு அதைப் போட்டிக்குக் கேடு என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது சங்கத்தின் பொறுப்பு. 40 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றுபவர் விற்பது தன் உழைப்பை. அதற்குக் கூட்டாகக் கூலி பேசுவதுதான் தொழிற்சங்கத்தின் வேலையே. அமெரிக்காவில் 1914-லேயே, மனித உழைப்பு சரக்கல்ல என்று அங்குள்ள போட்டிச் சட்டமான கிளேட்டன் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நம் பக்கம் கூலிப் பேச்சு எதில் போய் முடிந்தது என்பதற்கு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட 1968 கீழ்வெண்மணி இருக்கிறது. அதன் பிறகுதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி கேட்பவரைக் கூட்டுச்சதி என்று சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

திருவாரூர் வாசகர்:
வண்டிச் சங்கமும் தொழிற்சங்கமாகத்தான் பதிவாகியிருக்கிறது என்கிறார்களே?

கும்பகோணம் வக்கீல்:
பதிவுச் சான்று காப்பாற்றாது. 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் வரையறையில் முதலாளிமார் சங்கமும் அடங்கியிருந்தது; அதனால் பதிவு இருப்பதாலேயே அது தொழிலாளர் சங்கம் ஆகிவிடாது. மேற்கு வங்கத் திரைக் கலைஞர்-தொழில்நுட்பர் ஒருங்கிணைப்புக் குழு வழக்கில், மொழிமாற்றுத் தொடரை ஒளிபரப்பவிடாமல் தடுத்ததை உச்ச நீதிமன்றம் 2017-ல் போட்டிச் சட்டத்துக்குள்தான் கொண்டுவந்தது. தொழில் நடத்துபவர்களின் அமைப்பும் அந்தக் குழுவில் சேர்ந்திருந்ததே காரணம். சுமைதூக்குவோரும் லாரி உரிமையாளர்களோடு சேர்ந்து லோடு வாடகை நிர்ணயித்தால் இதே சிக்கலில் மாட்டுவார்கள்.

பாபநாசம் மெக்கானிக்:
கடன் வாங்கி ஒரே வண்டி எடுத்துத் தானே ஓட்டுபவரை எதில் சேர்ப்பது? அவரும் உழைப்பாளிதானே.

கும்பகோணம் வக்கீல்:
கடினமான இடம் அதுதான். இன்றைய நிலையில் அவரும் தொழில் நடத்துபவர்தான். ஆட்சியர் முத்தரப்புக் கூட்டத்தில் (அதிகாரிகள், உழவர், வண்டி உரிமையாளர் கூடுவது) வைக்கும் வாடகையைப் பிடித்துக்கொள்வதே அவருக்குப் பாதுகாப்பு.

புகார் தருவதானால் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு, போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் மனு போடவேண்டும். தனிநபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். வாய்ச்சொல் நிற்காது. தேதி போட்ட தீர்மான நகல், வாட்ஸ்அப் செய்தி, வண்டி திருப்பப்பட்ட நாளும் நேரமும், வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரின் தொடக்க-முடிவு எண் எழுதிய ரசீது இவற்றைச் சேர்த்து வையுங்கள். வயல் திருப்பத்தில் சும்மா ஓடும் நேரமும் மீட்டரில் ஏறும் என்பதால் இரண்டு எண்ணையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.