வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹுத்தான் சிம்பானை (அரசு ஒதுக்கி வைத்த காட்டை) எடுக்கப் போகிறார்களாம். ஆட்சேபக் கடிதம் எப்படி எழுதுவது?

கவிதா_செந்தூல்

வணக்கம். நான் செந்தூலில் இருக்கிறேன். அம்மா தம்பி குடும்பத்தோடு மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், காட்டை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். பின்வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய டிரேன் (வடிகால்), அதைத் தாண்டினால் ஹுத்தான் சிம்பான். போன வாரம் மலாய் பேப்பரில் நோட்டீஸ் வந்திருக்கிறது. காட்டில் ஒரு பகுதியை நிரந்தர வனத்திலிருந்து எடுக்கப் போகிறார்கள், ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் எழுதலாம் என்று. கம்பார்ட்மென்ட் (காட்டுப் பிரிவு) எண்களும் ஊர் பெயரே படிக்க முடியாத ஒரு சின்ன வரைபடமும் போட்டிருக்கிறார்கள்.

தாமான் வாட்சப் குரூப்பில் எல்லோரும் "இ.ஐ.ஏ. (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) ரிப்போர்ட் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அது சரியா? ஒரே கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமா? அம்மா "நாம சொல்லி யாரு கேக்கப் போறா" என்கிறார். எனக்கு விட மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாறன்_பிரிக்பீல்ட்ஸ்

தங்கச்சி, இ.ஐ.ஏ.வுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். குரூப்பில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இது வேறு, அது வேறு.

நிலமும் காடும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 1984 தேசிய வனவியல் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, நிரந்தர வனத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. சிலாங்கூரில் அதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த நோட்டீஸ் அதற்கானது. 2022இல் நாடாளுமன்றம் இதையே தேசியச் சட்டத்திலும் கொண்டுவந்தது. ஆனாலும் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே நடைமுறைக்கு வரும்.

இ.ஐ.ஏ. என்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் இலாகா பார்ப்பது. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம், 34ஏ பிரிவு. அது உங்கள் கைக்கு வரும் நேரத்தில் காடு சட்டப்படி காடாகவே இல்லாமல் போயிருக்கலாம். அப்புறம் "இதை எடுக்கலாமா" என்று யாரும் கேட்க மாட்டார்கள், "மண் அரித்துப் போகாமல் எப்படிக் கட்டுவது" என்ற பேச்சுதான் நடக்கும். அதுவும் இ.ஐ.ஏ. தேவைப்பட்டால்தான். எந்தத் திட்டத்துக்கு இ.ஐ.ஏ. வேண்டும் என்று சொல்லும் 2015 உத்தரவில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. இரண்டாம் அட்டவணையில் வரும் பெரிய திட்டங்களுக்குத்தான் ரிப்போர்ட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். துண்டு சின்னதாக இருந்தால் உங்கள் முறை வராமலே போய்விடும். ரிப்போர்ட்டை எழுதும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பவரும் திட்டத்தைக் கொண்டுவருபவர்தான். ஆலோசகர் பொய் எழுதுவார் என்று நான் சொல்லவில்லை. கனமழையில் உங்கள் அம்மா வீட்டு டிரேன் எப்படி ஓடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு சமாதானமும் குரூப்பில் வரும், பாருங்கள்: "சிலாங்கூரில்தான் 2010இலிருந்து 25 வருடத்துக்கு மரம் வெட்டத் தடை இருக்கிறதே." அந்தத் தடை நிரந்தர வனத்துக்கு. பட்டியலிலிருந்து வெளியே போன நிலத்துக்கு அது பொருந்தாது. மற்ற மாநிலங்களில் வெட்டு நடக்கும் நிரந்தர வனத்திலாவது 1978இலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது: முதலில் மரங்களை எண்ண வேண்டும், மெராந்தி வகை மரம் என்றால் 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது, ஒருமுறை வெட்டிய இடத்துக்குத் திரும்ப வர 25, 30 வருடம் ஆகும். எடுத்துவிட்ட நிலத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. புல்டோசர் வந்து வேரோடு தள்ளிவிடும்.

"யாரு கேக்கப் போறா" என்ற அம்மாவிடம் கோல லங்காட் வடக்குக் காட்டின் கதையைச் சொல்லுங்கள். 1927இல் அரசிதழில் வந்த காடு. அப்போது 7,000 ஹெக்டேருக்கு மேல். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 957 ஹெக்டேர் மிஞ்சியது. 2020 பிப்ரவரியில் அதிலும் 931 ஹெக்டேரை எடுக்க நோட்டீஸ் வந்தது. பீட் (மக்கிய இலைதழை மண்) சதுப்புக் காடு, சுற்றிலும் தெமுவான் பூர்வகுடி மக்களின் கம்போங்குகள் (கிராமங்கள்). ஆட்சேபம் 45,000க்கு மேல் குவிந்தது. அப்படியும் 2021 ஆகஸ்டில் 536.7 ஹெக்டேரை எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தபோது பலர் மனம் உடைந்து போனார்கள். ஆனால் சத்தம் அடங்கவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு முடிவை மாற்றிக்கொண்டது.

அந்த நேரத்தில் பந்திங்கில் மாமா வீட்டு முன் நடைபாதையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு பாட்டி வந்தார். ஜோகான் செத்தியா பக்கம் பீட் மண் எரிந்த சமயம் பேரனுக்கு மூச்சிழுப்பு வந்ததையும், ஈரத் துண்டை ஜன்னல் இடுக்கில் சொருகிவிட்டுப் படுத்ததையும் சொன்னார். பீட் மண்ணில் நீர் வடிந்துவிட்டால் தீ அடியிலேயே ஊர்ந்து போகும், மேலே தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பாட்டி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் மலாயில் எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பினேன். காடு வேண்டும் என்று எல்லோரும் எழுதலாம். இதை அவர் ஒருவர்தான் எழுத முடியும்.

அதனால் ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து போடுவதைவிட, வீட்டுக்கு ஒரு கடிதம் மேல்.

தேவி_ஆயர்ஈத்தாம்

மாறன் அண்ணா சொல்வது சரி. என் அக்கா மகன் அமெரிக்காவில் ஓரிகனில் இருக்கிறான். அங்கே தேசிய வனங்கள் மத்திய அரசின் வனச் சேவையிடம் இருக்கின்றன. மரம் விற்பதற்கு முன் 1970இல் வந்த தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி ஆய்வு செய்ய வேண்டும். 2013இல் வந்த விதிப்படி, கருத்துக் கேட்கும் காலத்திலேயே அந்தத் திட்டத்தைப் பற்றிக் குறிப்பாக எழுதியவர்தான் பின்னால் முறைப்படி ஆட்சேபிக்க முடியும். "மரம் வெட்டாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஓடை, எந்தச் சரிவு என்று சொல்ல வேண்டும். நம் சட்டம் வேறுதான், ஆனால் குறிப்பாக எழுதுவது எங்கேயும் எடுபடும்.

கவிதா_செந்தூல்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நேற்றிரவே அம்மாவிடம் பேசினேன். காட்டோரம் பூச்சோக் பாக்கு (சமைக்கிற பெரணிக் கொழுந்து) பறிக்கப் போகும் ஓடை ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு ஒரு நாள்தான் கலங்கும், மறுநாள் அடி மணல் தெரியும் என்றார். எதிர்ப்பக்க மலையைச் சமன் செய்த பிறகு அங்கே வரும் ஓடை தெளிவதே இல்லையாம், டிரேனில் பாதி மண் மேடாம். இதெல்லாம் எழுதலாமா?

மாறன்_பிரிக்பீல்ட்ஸ்

எழுதலாமாவா? முதல் பத்தியே அதுதான். இரண்டு ஓடையையும் தேதியோடு படம் எடுத்துச் சேருங்கள். நோட்டீஸில் உள்ள கம்பார்ட்மென்ட் எண்ணைக் கடிதத்தின் தலைப்பிலேயே போடுங்கள். எடுக்கும் நிலத்துக்குப் பதிலாக எந்த நிலத்தைக் காடாக்கப் போகிறீர்கள், அதில் இப்போது மரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வனவியல் சட்டத்தின் 12ஆவது பிரிவு மாற்று நிலத்தைப் பற்றியது. பெரிய அளவு வரைபடம் வேண்டும் என்றும், விசாரணையில் நேரில் பேச விரும்புவதாகவும் தனி வரியில் எழுதுங்கள்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். நோட்டீஸில் சொன்ன அலுவலகத்தின் கவுண்டரில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். அம்மா தமிழில் சொல்லி ரெக்கார்ட் செய்து அனுப்பினால் மலாயில் எழுதித் தருகிறேன். தாமானில் வேறு யாருக்கு வேண்டுமானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லுங்கள்.