குறைந்த செலவில் துணி அலமாரி: ஈரச் சுவருக்கு எந்தப் பிளைவுட்?
வணக்கம். 7 அடி உயரம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் துணி அலமாரி செய்யணும். 8க்கு 4 ஷீட்டை நெடுக்காக இரண்டாக அறுத்தால் இந்த ஆழத்துக்கு வீணே ஆகாது. உடலுக்கு 18 மி.மீ. எம்.ஆர். பிளைவுட் (ஈரத்தை ஓரளவு தாங்கும் வகை), பின்பக்கத்துக்கு அதே வகையில் 6 மி.மீ. போடலாம்னு இருக்கேன். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மலிவுதான். ஆனால் ஈரம் பட்டால் உப்பி, கீல் ஸ்க்ரூ கழன்றுவிடும். அதனால் வேண்டவே வேண்டாம். நடுவில் தடுப்பு உண்டு, இல்லாவிட்டால் 4 அடித் தட்டு துணி பாரத்தில் தொய்யும்.

சிக்கல் இதுதான்: பின்சுவருக்கு அப்பால் குளியலறை. ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, அடியில் 4 அங்குலப் பீடம் கொடுத்தால் எம்.ஆர். தாங்குமா? அடிப்பலகையும் பின்பலகையும் மட்டும் ஐ.எஸ். 710 தரத்து பி.டபிள்யூ.பி. பிளைவுட் (கொதிநீரையும் தாங்கும் வகை) போட்டால் போதுமா?

இன்னொன்று, மைக்காவை (மேலே ஒட்டும் லேமினேட் தாள்) கதவின் ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளையும். உட்பக்கத்துக்கு 0.8 மி.மீ. மைக்காவைவிட மலிவான வழி இருந்தால் சொல்லுங்க.